இடம் மாறிய இரும்பு

ஒரு சிட்டிகை கரும்பொடியை மனக்கண்முன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஸ்ட்ரான்சியம், இரும்பு, மாலிப்டினம், ஆக்சிஜன் சேர்ந்த ஆக்சைடு. இரட்டைப் பெரோவ்ஸ்கைட் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒவ்வோர் இரும்பு அணுவையும் ஆறு ஆக்சிஜன்கள் எண்முகியாகச் சூழ்ந்திருக்கும். மாலிப்டினத்துக்கும் அப்படியே. உப்புக்கல்லில் சோடியமும் குளோரினும் மாறி மாறி அமர்வதுபோல இங்கே இரும்பும் மாலிப்டினமும் அமர வேண்டும். அமர்ந்தால் நல்ல காந்தம். ஏறத்தாழ 415 கெல்வின் வரை, தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் தாண்டி, அது கலையாது.

*

ஓர் எளிய கணக்கு. இரும்பின் காந்தத் திருப்புத்திறன் 5 போர் மேக்னட்டான். மாலிப்டினத்துக்கு 1, அதுவும் எதிர்த்திசையில். ஒரு ஜோடிக்கு மிஞ்சுவது 4.

அளந்து பார்த்தால் பெரும்பாலான மாதிரிகள் 4ஐ எட்டுவதில்லை. இரண்டு அயனிகளும் அளவில் நெருக்கமானவை. மின்னேற்றத்திலும் பெரிய வித்தியாசமில்லை. அதனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்கார்ந்துவிடுகிறது. வேதிப்பகுப்பு செய்தால் விகிதம் சரியாகவே இருக்கும். ஓர் அணுவும் தொலையவில்லை.

*

இடம் மாறிய இரும்புக்கு ஆக்சிஜனைத் தாண்டி இன்னோர் இரும்பு அண்டை வீடாகிறது. இரும்பும் இரும்பும் அப்படி எதிரெதிரே அமைந்தால் ஒன்றின் காந்தம் மற்றதற்கு நேர் எதிராகத் திரும்பும். இடம் மாறிய ஜோடி தன் 4ஐ இழப்பதோடு நிற்பதில்லை. ஒழுங்காக அமர்ந்த இன்னொரு ஜோடியின் 4ஐயும் அழித்துவிடுகிறது. இழப்பு 8. நூற்றுக்குப் பத்து இரும்பு இடம் மாறினால் 3.2 மட்டுமே மிஞ்சும். சரிபாதி மாறினால் ஒன்றுமில்லை.

இந்த வரியில் வெகுநேரம் நின்றேன்.

*

உலையின் சூடு குறைந்தால் அணுக்கள் தம் இடம் தேடி நகர முடியாது. சூடு மிஞ்சினால் கலந்து கிடப்பதே அவற்றுக்கு இயல்பாகிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள சூட்டில், நெடுநேரம் வைத்திருக்க வேண்டும். ஒழுங்கு காத்திருந்து பெறுவது.

*

1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தப் பொருளின் மின்தடை காந்தப்புலத்தில் குறைவதை, அறை வெப்பநிலையிலேயே, காட்டினார்கள். 2000இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் டி. டி. சர்மாவும் உடன் ஆய்வாளர்களும் ஒழுங்கான மாதிரியையும் குலைந்த மாதிரியையும் ஒப்பிட்டார்கள். சிறிய புலத்துக்கே மின்தடை சட்டென்று மாறும் கூர்மை, குலைந்ததில் இல்லை.

2009இல் அவரும் இத்தாலிய ஆய்வாளர்களும் எக்ஸ்-கதிர் உட்கவர்தலால் ஒவ்வோர் அணுவின் அண்டையையும் பார்த்தார்கள். குலைந்தது என்று எண்ணிய மாதிரியிலும் பெரும்பாலான இரும்புக்குப் பக்கத்தில் மாலிப்டினமே இருந்தது. அணுக்கள் கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை. சின்னச் சின்னத் திட்டுகள், ஒவ்வொன்றும் தனக்குள் ஒழுங்கு. ஒரு திட்டின் வரிசை பக்கத்துத் திட்டின் வரிசையோடு ஓர் அடி தள்ளி நிற்கிறது, அவ்வளவே. அந்த எல்லையில் இரும்பு இரும்பைச் சந்திக்கிறது. இரு திட்டுகளின் காந்தமும் எதிரெதிராகத் திரும்பிவிடுகின்றன.

*

குலைவு என்ற சொல்லை இனி அவசரமாக எழுத மாட்டேன். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு தரும் சராசரி, எவ்வளவு குலைந்தது என்று சொல்லும். எப்படிக் குலைந்தது என்பதை அறிய, ஒவ்வோர் அணுவுக்கும் பக்கத்தில் யார் என்று கேட்க வேண்டும். காந்தம் பிறப்பதும் அழிவதும் அந்த அண்டையில்தான்.