இரண்டாவது ஊசி

(அவிநாசியில் ஒரு ஞாயிறு மாலை, பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களும் கல்லூரி மாணவிகளும் கூடியிருந்த அவையில் ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



வாரத்துக்கு ஒரு நாள் லீவு. துணி துவைக்கணும், தலைக்குக் குளிக்கணும், ஊருக்குப் போன் பேசணும். அத்தனையும் ஒதுக்கி வைத்துவிட்டு இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தின் விலை எனக்குத் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சிவன் கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு புத்தரைப் பற்றிப் பேசலாமா என்று வாசலில் ஒரு பாட்டி என்னைக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் பதிலுக்கு, "நம்ம அம்மன் பேர் என்னங்க?" என்றேன். "கருணாம்பிகை" என்றார்கள். பெருங்கருணை நாயகி. மனத்தில் நான்கு குணங்களை வளர்க்கச் சொன்னார் புத்தர். மைத்ரி, கருணை, முதிதை, உபேட்சை. அன்பு, இரக்கம், பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது, ஆட்டம் காணாத நடுநிலை. அதில் இரண்டாவது நம் அம்மனின் பேர். பாட்டி உள்ளே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், பாருங்கள்.

இந்த ஊரின் கதை உங்களுக்குத் தெரியும். அப்போது இதன் பேர் திருப்புக்கொளியூர். சுந்தரர் தெருவில் வருகிறார். ஒரு வீட்டில் பையனுக்குப் பூணூல் கல்யாணம், மங்கல ஒலி. நேர் எதிர் வீட்டில் அழுகுரல். விசாரிக்கிறார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வயது. ஒன்றாகக் குளத்துக்குப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. இருந்திருந்தால் அவனுக்கும் இன்று பூணூல். சுந்தரர் பாடுகிறார், முதலை பிள்ளையைக் கொண்டுவந்து கரையில் விடுகிறது.

இதே மாதிரி இன்னொரு தாய். சிராவஸ்தி நகரத்தில் இருந்தவள், பேர் கிசா கோதமி. ஒரே பிள்ளை செத்துப்போகிறான். அவள் நம்பவில்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மருந்து கேட்கிறாள். புத்தரிடம் அனுப்புகிறார்கள். ஒரு பிடி கடுகு கொண்டு வா, சாவே நடக்காத வீட்டிலிருந்து வாங்கி வா என்கிறார் அவர். எல்லா வீட்டிலும் கடுகு இருக்கிறது. சாவு நடக்காத வீடுதான் இல்லை. ஒருத்தி அப்பாவைச் சொல்கிறாள், ஒருத்தி மகளைச் சொல்கிறாள். பொழுது சாயும்போது அவளே பிள்ளையைச் சுடுகாட்டில் விட்டுவிட்டுத் திரும்புகிறாள்.

நம் ஊரில் பிள்ளை வந்தது, அங்கே வரவில்லை. இது பெரிசா அது பெரிசா என்று தராசு பிடிக்க நான் வரவில்லை. இரண்டு கதையிலும் எனக்குப் பெரிதாகத் தெரிவது ஒன்றுதான். எதிர்வீட்டில் ஏன் அழுகிறார்கள் என்று சுந்தரர் கேட்டார். கோதமியும் தன் துக்கத்தை வைத்துக்கொண்டே ஒவ்வொரு வாசலிலும் நின்று உங்கள் வீட்டில் யார் போனார்கள் என்று கேட்டாள். கேட்கக் கேட்கத்தான் அவள் மடியிலிருந்த பாரம் இறங்கியது. துக்கம் இருக்கிறது என்பது புத்தர் சொன்ன முதல் உண்மை. உனக்கு மட்டும் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. ராத்திரி ஹாஸ்டலில் போர்வைக்குள் அழுகிற பெண்ணுக்கு இது தெரியாது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவளும் போன வாரம் அழுதாள் என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை.

போன வருஷம் என் பழைய மாணவி ஒருத்தி வேலை பார்க்கும் இடத்துக்குப் போயிருந்தேன். ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின் எல்லாம் வரிசையாக ஓடுகிற சத்தம். திடீரென்று ஒரு மெஷின் நின்றது. அதில் தைத்த பெண் தரையில் மண்டி போட்டு எதையோ தேடுகிறாள். இன்னொருத்தி காந்தத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். என்ன என்று கேட்டேன். ஊசி உடைந்துவிட்டதாம். முனை கிடைக்கவில்லை. எல்லாத் துண்டும் கிடைத்தால்தான் புது ஊசி. கிடைத்ததை ஒரு நோட்டில் செலோடேப் போட்டு ஒட்டி, தேதி போட்டு, மெஷின் நம்பர் போட்டு, கையெழுத்துப் போடணும். ஏனென்றால் தைப்பது குழந்தை உடுப்பு. ஒரு முனை துணிக்குள் போய்விட்டால் ஏதோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் உடம்பில் குத்தும்.

இருபது நிமிஷம் கழித்துத் துணி மடிப்புக்குள் அந்த முனை கிடைத்தது. கடுகில் பாதிகூட இருக்காது. அந்தப் பெண் அதை விரல் நுனியில் ஒட்டி என்னிடம் காட்டினாள். அவள் ஆள்காட்டி விரலில் ரத்தம் உறைந்திருந்தது. ஊசி அங்கே ஏறிவிட்டுத்தான் உடைந்திருக்கிறது. வலிக்குதா அம்மிணி என்றேன். "அது போகுதுங்க டீச்சர். நான் எதுக்குமே லாயக்கில்லீங்க, எங்கம்மா சொல்றது சரிதான்" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். விரலுக்கு அழாத பெண் அதற்கு அழுதாள்.

புத்தர் ஓர் உவமை சொன்னார். ஒருவன் மேல் அம்பு பாய்கிறது. அது உடம்பு வலி. உடனே இரண்டாவது அம்பு பாய்கிறது. அது மனம் தனக்குத்தானே எய்துகொள்வது. ஐயோ எனக்கா, நான் என்ன பாவம் பண்ணினேன், ஊர் என்ன சொல்லும் என்பதெல்லாம் அந்த அம்பு. விவரம் தெரிந்தவனுக்கும் முதல் அம்பு வலிக்கும், இரண்டாவதை அவன் எய்துகொள்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். உங்களுக்கு நான் அம்பு என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஊசி என்றே வைத்துக்கொள்ளுங்கள். விரலில் ஏறியது முதல் ஊசி. 'லாயக்கில்லை' என்பது இரண்டாவது. அது உடைந்து உள்ளேயே கிடக்கும். பத்து வருஷம் முன்னால் அம்மாவோ அத்தையோ சொன்ன சொல்லின் முனை இன்னும் துணிக்குள் இருக்கிறது, நாளைக்கு அது உங்கள் குழந்தையைக் குத்தும். அதைத் தேடுவதைத்தான் தியானம் என்கிறார்கள். அவசரப்படாமல் மண்டி போட்டுத் தேடுகிற காரியம் அது. கோபம் வந்தால், இதோ கோபம் வந்திருக்கிறது என்று பார்ப்பது. பொறாமை வந்தால் அதற்கும் தேதி போட்டு நோட்டில் ஒட்டுவது. பார்க்கிற நேரத்தில் நாம் அதுவாக இருப்பதில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் நான் இன்று பேச ஒப்புக்கொண்டேன். எல்லாம் மனசுதான், பொறுத்துப் போ, ஆசையை விடு என்று பெண்பிள்ளைகளுக்குப் புத்தர் பேரால் உபதேசம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அது புத்தர் வாக்கு இல்லை. இரண்டாவது அம்பை எய்யாதே என்றவர், முதல் அம்பை உடம்பிலேயே வைத்துக்கொள் என்று எங்கும் சொல்லவில்லை. நம் கொங்கு மண்ணில் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது. மூன்று வருஷம் மில்லிலேயே தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று கிராமங்களிலிருந்து சின்னப் பெண்களைக் கூட்டி வந்தார்கள். நடுவில் உடம்பு முடியாமல் வெளியே வந்த எத்தனையோ பேருக்கு அந்தப் பணம் வரவே இல்லை. பேரைப் பாருங்கள், சுமங்கலி! அந்தப் பிள்ளைகளிடம் போய் உன் ஆசைதான் உன் துக்கத்துக்குக் காரணம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆசை அவர்களுடையது மட்டுமா? வேட்கைதான் துக்கத்தின் மூலம் என்ற இரண்டாவது உண்மையை முதலாளியின் கணக்கு நோட்டிலும் வைத்துப் பார்க்க வேண்டும்.

புத்தர் அப்படிப் பார்த்தார். சிகாலன் என்ற இளைஞன் தினமும் காலையில் ஈரத் துணியோடு ஆறு திசைகளையும் கும்பிடுவான். அவனிடம் அவர், திசை என்பது உன்னைச் சுற்றி இருக்கிற மனிதர்கள் என்றார். காலுக்குக் கீழே இருக்கிற திசை என்று வேலைக்காரர்களைச் சொல்லி, முதலாளி அவர்களுக்குச் செய்ய வேண்டிய ஐந்தை எடுத்துச் சொன்னார். அவரவர் பலத்துக்குத் தகுந்த வேலை. சோறும் கூலியும். நோய் வந்தால் கவனிப்பு. நல்ல பண்டம் கிடைத்தால் பங்கு. உரிய நேரத்தில் ஓய்வு. இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது! ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்று தொழிற்சாலைச் சட்டம் எழுதியது 1948-இல். வேலை இடத்தில் பெண்களிடம் தப்பாக நடந்தால் விசாரிக்கச் சட்டம் வந்தது 2013-இல். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். யாராவது கையைப் பிடித்து இழுத்தால் அது முதல் ஊசி. அதைப் பிடுங்கிப் போட வேண்டும். புகார் கொடுக்கணும், 181-க்குப் போன் போடணும், நாலு பேர் சேர்ந்து போய் நிற்கணும். நான் சிரித்துப் பேசினதாலதான் அவன் அப்படிப் பண்ணினான் என்று தோன்றும் பாருங்கள், அது இரண்டாவது. அதை எய்துகொள்ளாதீர்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் பிடுங்க வேண்டியதைப் பொறுத்துக்கொள்வோம், விட வேண்டியதைப் பிடித்துக்கொள்வோம்.

தமிழில் இதை வாழ்ந்து காட்டியவள் மணிமேகலை. முப்பது வருஷம் வகுப்பில் அவளைச் சொல்லிக்கொடுத்தும் எனக்கு அலுக்கவில்லை. சாத்தனார் காவியத்துக்கு நாயகியாக எடுத்துக்கொண்டது ஓர் இளம்பெண்ணை. கணிகையர் குலத்தில் பிறந்தவள். பாட்டி சித்திராபதி ஒரு பக்கம் இழுக்கிறாள், இளவரசன் உதயகுமரன் இன்னொரு பக்கம் துரத்துகிறான். இன்றைக்கு எந்தப் பெண்ணுக்கும் இது புரியும். அவளுக்குக் கிடைத்தது அமுதசுரபி என்ற பாத்திரம். அதில் முதல் பிச்சை ஆதிரை என்ற பெண் இட்டது. அதைக் கொண்டு ஊர்ப் பசி தீர்க்கிறாள். பிறகு அந்த இளவரசன் இறந்து, செய்யாத குற்றத்துக்கு அரசி அவளைக் கொடுமைப்படுத்தியபோதும், மகனை இழந்த அந்தத் தாய்க்கே ஆறுதல் சொல்கிறாள். அதற்கு முன்பே சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்ற அரசனிடம் கேட்டு வாங்கியவள் அவள்தான்.

வஞ்சிக்குப் போனபோது நடந்ததை நான் எப்போதும் நிறுத்திச் சொல்வேன். அங்கே பல சமயத்தாரிடம் அவரவர் கொள்கையைக் கேட்க வேண்டும். சின்னப் பெண் என்று நினைத்து அவர்கள் உண்மைப் பொருளைச் சொல்ல மாட்டார்கள் என்பதால் ஆண் துறவியாக வடிவம் மாற்றிக்கொண்டு போகிறாள். அந்த வஞ்சி நம் கரூர்தான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. சரியென்றால் இங்கிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரம். மீட்டிங்கில் நீங்கள் சொன்ன யோசனையை யாரும் காதில் வாங்காமல், பத்து நிமிஷம் கழித்து ஓர் ஆண் அதையே சொன்னபோது தலையாட்டினார்களா? சாத்தனாருக்கு இது தெரிந்திருக்கிறது. அவள் அதற்காகக் கேட்பதை விடவில்லை. யார் சொன்னாலும் கேட்டாள், எடைபோட்டாள், ஒப்பாததை விட்டாள். காலாமர் என்ற மக்களுக்குப் புத்தர் சொன்னதும் இதுதான். பரம்பரையாக வருகிறது என்பதற்காகவோ குரு சொன்னார் என்பதற்காகவோ எதையும் ஏற்காதே, நன்மை தருகிறதா என்று நீயே பார். செவ்வாய் தோஷம் என்று உங்கள் ஜாதகத்தை யாராவது ஒதுக்கி வைத்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி போன். பள்ளிக்கூடத் தோழியின் கல்யாண போட்டோ ஸ்டேட்டஸில் வருகிறது. எத்தனை பவுன் என்று கண் தானாக எண்ணுகிறது. நெஞ்சுக்குள் சுருக்கென்கிறது. அது தப்பு என்று உங்களைத் திட்ட மாட்டேன், எல்லா மனதுக்கும் அது வரும். மறுபடியும் அந்த இரண்டு வீடுகளுக்கு வாருங்கள். சுந்தரர் வந்திருக்கிறார் என்று கேட்டதும், பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் தகப்பனும் அழுகையை அடக்கிக்கொண்டு முகமலர்ச்சியோடு வந்து வணங்கினார்கள் என்கிறது பெரியபுராணம். எதிர்வீட்டில் தன் மகன் வயசுப் பையனுக்குப் பூணூல். இங்கே வெறும் வீடு. அந்த நேரத்திலும் அடியாரைக் கண்டு மகிழ ஒரு மூலையை மனசில் விட்டு வைத்திருந்தார்கள். முதிதை என்றால் என்ன என்று அகராதியில் பார்ப்பதைவிட அந்த இருவரைப் பார்க்கலாம். சுருக்கென்ற பிறகு ஒரு மூச்சு விட்டு, 'நல்லா இருடீ' என்று மனசார நினைத்துப் பாருங்கள். முதல் தரம் பொய்யாக இருக்கும். பத்தாவது தரம் கொஞ்சம் நிஜமாகும். நான் சொந்தத்தில் செய்து பார்த்துச் சொல்கிறேன். என் தங்கை புது வீடு கட்டிக் குடிபோனபோது எனக்குப் பதினைந்து தரத்துக்கு மேல் ஆனது.

இன்னொன்று, டென்ஷன். இந்தச் சொல்லை உங்களைவிடச் சரியாகப் புரிந்தவர்கள் யாரும் இல்லை. மெஷினில் நூல் போகிற வழியில் ஒரு திருகு இருக்கிறது, அதற்கே டென்ஷன் என்றுதான் பேர். இறுக்கினால் நூல் அறும், துணி சுருங்கும். தளர்த்தினால் தையல் தொங்கும். சோணன் என்று ஒரு செல்வர் வீட்டுப் பையன், பாதம் பஞ்சு மாதிரி இருக்குமாம். துறவியாகி, கால் ரத்தம் கசிகிற வரைக்கும் நடந்து நடந்து தியானம் செய்தான். ஒன்றும் பலிக்கவில்லை, வீட்டுக்கே போய்விடலாமா என்று நினைத்தான். புத்தர் அவனிடம், நீ வீணை வாசித்தவன்தானே, தந்தியை முறுக்கினால் பாடுமா, தளர்த்தினால் பாடுமா என்று கேட்டார். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து ராத்திரி பன்னிரண்டு மணிவரை ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தால் அது ஓய்வு ஆகாது கண்ணு, நூல் இன்னொரு பக்கம் இறுகுகிறது. சரியான அளவு துணிக்குத் துணி மாறும். அதை நீங்கள்தான் தையலைப் பார்த்துப் பார்த்துத் திருக வேண்டும்.

தியானத்துக்கு இடமில்லை, நேரமில்லை என்று ஒரு பெண் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒரே ரூமில் ஆறு பேராம். அவளுக்காக இது. ஊசியில் நூல் கோர்க்கும்போது உங்கள் முகத்தை நீங்கள் பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன். நூல் நுனியை உதட்டில் ஈரப்படுத்தி, ஒரு கண்ணைச் சுருக்கி, மூச்சைக்கூட நிறுத்தி வைப்பீர்கள். அந்த நொடியில் அம்மா திட்டினது இல்லை, மாசத் தவணை இல்லை, பொண்ணு பார்க்க வருகிறவர்கள் இல்லை. நூல் போனதும் ஒரு மூச்சு தானாக வெளியே வரும். நாளைக்குக் காலையில் பெல் அடித்து முதல் ஊசி கோர்த்ததும் மெஷினை உடனே மிதிக்காதீர்கள். அந்த மூச்சு முழுசாக வெளியே போகட்டும், அதுவரைக்கும் கூடவே இருங்கள்.