அண்டை அரசுகள் எதில் கை கோக்கலாம்?

1991 டிசம்பர் 12, 13 தேதிகளில் பெங்களூரில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை மத்திய அரசு அரசிதழில் வெளியிட்டதும் மூண்ட கலவரம் அது. ஆயிரக்கணக்கானோர் குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்குத் தப்பி வந்தார்கள். அன்று மக்கள் கையில் கைப்பேசி இல்லை, வீட்டில் இணையம் இல்லை. ஆனாலும் எந்தத் தெருவில் யார் வீடு என்ற செய்தி வாய்வழியாகவே பரவியது.

அதற்குச் சில நாள் கழித்து, டிசம்பர் 17 அன்று, உலகின் வேறொரு மூலையில், உடைந்துகொண்டிருந்த சோவியத் ஒன்றியத்தின் குடியரசுகளுடைய தகவல்தொடர்பு நிர்வாகங்கள் தங்களுக்குள் ஒரு வட்டாரக் கூட்டமைப்பை ஏற்படுத்திக்கொண்டன. நாடு உடைந்தாலும் தொலைபேசித் தொடர்பு அறுந்துவிடக் கூடாது என்ற கவலை அதற்குப் பின்னால் இருந்தது. ரஷ்யாவும் கஜகஸ்தானும் இன்றுவரை +7 என்ற ஒரே நாட்டுக் குறியீட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. இல்லாமல்போன அந்த நாட்டின் '.எஸ்யு' என்ற இணைய முகவரி விகுதிகூட இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

மக்களைத் தொடர்பில் வைத்திருக்க அண்டை நாடுகள் கை கோத்தன. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இருபது ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பரில், ரஷ்யாவும் தஜிகிஸ்தானும் உஸ்பெகிஸ்தானும் சீனாவுடன் சேர்ந்து ஐ.நா. சபைக்குத் 'தகவல் பாதுகாப்பு நடத்தை விதி' ஒன்றை முன்வைத்தன. அரசியல் நிலைத்தன்மையைக் குலைக்கும் தகவல்களைத் தடுப்பதில் நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்று அது கேட்டது. 2015இல் வந்த திருத்திய வரைவில் கஜகஸ்தானும் கிர்கிஸ்தானும் சேர்ந்துகொண்டன. 2022 ஜனவரியில் எரிவாயு விலை உயர்வை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தபோது கஜகஸ்தான் பல நாட்கள் இணையத்தை முடக்கியது. ஊரில் என்ன நடக்கிறது, பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று கேட்கக்கூட வழியில்லாத நாட்கள் அவை.

ஆகவே ஒத்துழைப்பு என்பது தன்னளவில் நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. எதைச் செய்ய ஒத்துழைக்கிறார்கள் என்பதில்தான் அறம் இருக்கிறது. வதந்தி எல்லை தாண்டி வரும்போது இரு பக்கத்து அரசுகளும் சேர்ந்து உண்மையைச் சொல்ல வேண்டுமா, சேர்ந்து வாயை அடைக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்குப் பெங்களூர் ஒரு கடுமையான பரிசோதனைக் களம்.

2012 ஜூலையில் அஸ்ஸாமின் கோக்ரஜாரில் இனக்கலவரம். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களுக்குப் போனார்கள். அதற்குப் பழிவாங்க ரம்ஜான் முடிந்ததும் பெங்களூரில் வடகிழக்கு மக்களைத் தாக்கப்போகிறார்கள் என்று குறுஞ்செய்திகள் பரவின. மியான்மரிலும் வேறு இடங்களிலும் எடுத்த பழைய படங்கள் அஸ்ஸாம் படங்களாக உலா வந்தன. ஆகஸ்ட் 15 முதல் பெங்களூர் ரயில் நிலையம் நிரம்பி வழிந்தது. ஈஜிபுரா, நீலசந்திரா பகுதிகளில் அறை எடுத்துத் தங்கியிருந்த மாணவர்கள், காவலாளிகள், உணவக ஊழியர்கள், அழகு நிலையத்தில் வேலை செய்த பெண்கள் எனப் பல்லாயிரம் பேர் கையில் கிடைத்த பையோடு குவாஹாட்டிக்கு ரயில் ஏறினார்கள். சிறப்பு ரயில்கள் விட வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 17 அன்று மத்திய அரசு நாடு முழுவதும் மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கும் படச் செய்திகளுக்கும் பதினைந்து நாள் தடை விதித்தது. ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து குறுஞ்செய்திக்கு மேல் அனுப்ப முடியாது. பிறகு அது இருபதானது. ஆனால் தடை வரும் முன்பே ஆயிரக்கணக்கானோர் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். ரயிலில் இருந்தவர்களுக்கும், போகவா இருக்கவா என்று தெரியாமல் அறைக்குள் பூட்டிக்கொண்டு கிடந்தவர்களுக்கும் குறுஞ்செய்தியில் அந்த ஐந்துதான் மிச்சம். மிரட்டியவனுக்கு விதித்த தண்டனையை மிரண்டவர்கள் அனுபவித்தார்கள்.

இதைவிட வேதனையானது இன்னொன்று. அதே வாரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட இணையப் பக்கங்களும் கணக்குகளும் தடுக்கப்பட்டன. பெங்களூரில் உள்ள இணையம் மற்றும் சமூக ஆய்வு மையம் அந்தப் பட்டியலை எடுத்து ஆராய்ந்தது. நாளிதழ்ச் செய்திகளும், வதந்தியைப் பொய் என்று நிறுவிய பக்கங்களும் அதில் இருந்தன. படங்களில் பெரும்பாலானவை பாகிஸ்தானிலிருந்து பரப்பப்பட்டவை என்று உள்துறைச் செயலாளர் குற்றம் சாட்டினார். ஆதாரம் கொடுங்கள் என்று இஸ்லாமாபாத் கேட்டது. ஆனால் மியான்மர் படங்கள் போலி என்று ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி ஒரு பாகிஸ்தானியர் எழுதிய பதிவும் தடைப்பட்டியலில் சிக்கியிருந்தது. இரு அரசுகளும் செய்யாத ஒத்துழைப்பை, யாரும் கேட்காமலே, எல்லைக்கு அப்பாலிருந்த ஒரு தனிமனிதர் செய்திருந்தார். அவர் வாயையும் அடைத்தோம்.

தடையை ஆதரிப்போர் பக்கம் ஒரு வலுவான வாதம் உண்டு. அதை மேலோட்டமாகத் தள்ளிவிடக் கூடாது. கும்பல் கூடிவிட்ட நேரத்தில் உண்மை மெதுவாகத்தான் வந்து சேரும். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த ஓர் இளைஞரைப் பெங்களூர் சாமராஜப்பேட்டையில் அடித்தே கொன்றார்கள். அதே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டிக்கும் அதே கதி. ஓர் இரவு இணையத்தை அணைத்து ஓர் உயிரைக் காக்க முடியும் என்றால் அணைப்பதில் என்ன தவறு?

உயிர் காப்பாற்றப்படும் என்பது உறுதியானால் இந்த வாதத்துக்கு மறுமொழி இல்லை. அந்த உறுதிதான் கிடைப்பதில்லை. 1991இல் அணைக்க எதுவுமே இல்லாத நகரம் எரிந்தது. மேலும், கும்பல் சூழும்போது அடிபடுபவருக்கு இருக்கும் ஒரே துணை கையிலுள்ள தொலைபேசிதான். அதைப் பிடுங்கிவிட்டு அவரைக் காப்பதாகச் சொல்ல முடியாது.

பரவலைத் தணிப்பது வேறு, பேச்சைப் பறிப்பது வேறு. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி செய்தது. 2012இல் அரசு விதித்ததும் ஐந்துதான். ஆனால் அந்த ஐந்து, மகள் தாய்க்கு எழுதுவதையும் எண்ணியது. இந்த ஐந்து, நகலெடுத்து வீசுவதை மட்டும் எண்ணியது. முந்தையது அநீதி, பிந்தையது ஏற்கத்தக்கது.

காவிரித் தகராறு மீண்டும் மூண்ட 2016 செப்டம்பர் இன்னும் சிக்கலான கேள்வியை எழுப்பியது. பெங்களூரில் ஒரு தமிழ் மாணவரைச் சூழ்ந்து அடித்த காணொளி பரவியது. அடுத்து ராமேஸ்வரத்தில் ஒரு கன்னட ஓட்டுநரை அடித்த காணொளி. 12ஆம் தேதி சென்னையில் ஓர் உணவகத்தின் மீது பெட்ரோல் குண்டு. அன்று மாலைக்குள் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் வரிசையாக எரிந்தன. பதினாறு காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு. இவை பொய்ப் படங்கள் அல்ல. இங்கே 'போலிச் செய்தி' என்ற பெயரில் தடுக்க எதுவும் இல்லை. தேவைப்பட்டது வேறு: ராமேஸ்வரத்தில் அடித்தவரைப் பிடித்துவிட்டோம் என்று கன்னடத்திலும், பெங்களூரில் அடித்தவரைப் பிடித்துவிட்டோம் என்று தமிழிலும், ஒரே மணி நேரத்தில் இரு காவல்துறைகளும் சொல்லியிருக்க வேண்டும். முதல்வர்கள் சித்தராமையாவும் ஜெயலலிதாவும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதினார்கள். கடிதம் போய்ச் சேரும் வேகத்தில் தீ பரவுவதில்லை.

2023 மார்ச்சில் தமிழ்நாடு இதைவிட நன்றாகச் செய்தது. பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் கொல்லப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது முதல்வர் ஸ்டாலின் பீகார் முதல்வராக இருந்த நிதிஷ் குமாரிடம் தொலைபேசியில் பேசினார். பீகாரிலிருந்து நான்கு அதிகாரிகள் கொண்ட குழு வந்து திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்களை நேரில் சந்தித்து, அஞ்ச வேண்டியதில்லை என்று தங்கள் மாநிலத்துக்குச் சொன்னது. தமிழ்நாட்டு அரசு சொன்னால் பாட்னாவில் நம்பமாட்டார்கள். தங்கள் அதிகாரி கண்ணால் பார்த்துச் சொன்னால் நம்புவார்கள். அண்டை அரசின் ஒத்துழைப்பு எதற்குப் பயன்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அதே விவகாரத்தில் ஒரு யூடியூபர் மீது தேசியப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஏவினார்கள். அந்த உத்தரவை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பின்னர் ரத்து செய்தது. பொய் பரப்பியவரைச் சாதாரணச் சட்டத்தால் விசாரித்திருந்தால் போதும்; நல்ல காரியத்தோடு அதைச் சேர்த்தது களங்கம்.

இணைய முடக்க உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும் என்று அனுராதா பசீன் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வெளியிடப்படாத உத்தரவை எதிர்த்து யாரும் நீதிமன்றம் போக முடியாது என்பதே அதன் நியாயம். தனி மாநிலத்துக்குப் பொருந்தும் இந்தக் கட்டுப்பாடு, மாநிலங்கள் சேர்ந்து எடுக்கும் முடிவுகளுக்கு இருமடங்கு பொருந்த வேண்டும். இரு அரசுகள் மூடிய அறையில் பேசி ஒன்றை முடக்கும்போது குடிமகன் யாரிடம் போய்க் கேட்பான்?

காவிரியில் தண்ணீர் குறையும் ஆண்டு மீண்டும் வரும். அதற்கு முன்பே கர்நாடக, தமிழ்நாட்டுக் காவல்துறைகள், இரு மொழியும் தெரிந்தவர்களைக் கொண்டு இரவும் பகலும் இயங்கும் பொதுவான செய்தி மையம் ஒன்றைத் தொடங்கட்டும். வதந்தி எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் இரு மொழிகளிலும் பதில் வரட்டும். எந்த இணையப் பக்கத்தைத் தடுத்தாலும் அந்த உத்தரவைக் காரணத்தோடு வெளியிடட்டும். பெங்களூரில் வாழும் தமிழரும் சென்னையில் வாழும் கன்னடரும் இதைத் தங்கள் சட்டமன்ற உறுப்பினர்களிடம் இப்போதே கேட்க வேண்டும்.