ஐம்பது வயதில் புதிய தாளம்

ஐம்பதைத் தொட்டவர்களில் பலருக்கும் இந்தக் கேள்வி வந்து சேர்கிறது. பாடுபட்டுக் கற்ற தொழிலின் போக்கு கண்ணெதிரே மாறுகிறது. நேற்று வந்தவர்கள் நம்மைவிட வேகமாக இருக்கிறார்கள். அவர்களைப் போல நாமும் ஆகிவிடுவதா, பழையதே உயர்ந்தது என்று ஒதுங்கி நிற்பதா? ஜவ்வாது மலையில் தமிழ் கற்பிக்கும் எனக்கும் இந்தக் கேள்வி வந்தது. வகுப்பறைக்குள் திரை வந்தது. பாடம் காணொளியாக வந்தது. எனக்கு விடை கிடைத்தது பாட்டில். 1979இல் வெளியான இரண்டு இசைத் தொகுப்புகள் இந்தக் கேள்வியை என் கண்முன் வைத்துப் பதிலும் சொல்லின.

அது டிஸ்கோவின் காலம். நான்கு அடிகளிலும் பெரிய டிரம் ஒரே அழுத்தத்தில் விழும். ஆட வந்தவர் யோசிக்கவே வேண்டியதில்லை. அமெரிக்காவில் அந்த அலை எழுவதற்குப் பத்தாண்டுகள் முன்பே பாடகர் ஜேம்ஸ் பிரவுன் வேறொரு தாளத்தைக் கண்டெடுத்திருந்தார். முதல் அடியில் முழுப் பலத்தையும் இறக்கிவிட்டு, மற்ற அடிகளின் சந்துகளில் கிட்டாரும் பேஸும் டிரம்மும் ஒன்றையொன்று மடக்கி ஓடும் அந்த இசைக்கு ஃபங்க் என்று பெயர். 1965லும் 1967லும் அவர் தந்த பாடல்கள் கறுப்பின மக்களின் இசையையே திருப்பிப் போட்டன. அப்படிப்பட்டவரின் பாட்டு எழுபதுகளின் கடைசியில் நடன அரங்குகளில் ஒலிப்பது குறைந்துபோனது. அவர் போட்ட பாதையில்தான் டிஸ்கோ நடந்து வந்தது. ஆனால் அரங்கில் அவருக்கு இடமில்லை.

1979இல், நாற்பத்தாறு வயதில், ‘தி ஒரிஜினல் டிஸ்கோ மேன்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். டிஸ்கோவுக்கு மூலவன் நானே என்பது அந்தத் தலைப்பின் முழக்கம். தன் இசையைத் தானே தயாரித்துப் பழகிய மனிதர், இதன் தயாரிப்பை பிராட் ஷாபிரோ என்பவரிடம் ஒப்படைத்தார். அவருடைய மனநிலை எனக்குப் புரிகிறது. தன் வீட்டுத் திண்ணையிலேயே விருந்தாளியாக நிற்க நேர்ந்தவரின் தவிப்பு அது. ஆனால் அந்தத் தொகுப்பில் மக்கள் மனத்தில் நின்ற பாட்டு எது? ‘இட்ஸ் டூ ஃபங்கி இன் ஹியர்’. அட்டையில் டிஸ்கோ என்று எழுதியிருந்தாலும் உள்ளே உயிரோடு இருந்தது அவருடைய சொந்தச் சரக்குதான்.

அந்த ஆண்டு ஜூலை 12ஆம் தேதி சிகாகோவின் பேஸ்பால் மைதானம் ஒன்றில் டிஸ்கோ இசைத்தட்டுகளைப் பெட்டியில் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். வெறுப்பு நிறைந்த அந்தக் காட்சியை என்னால் ரசிக்க முடியவில்லை. ஆனாலும் காலத்தின் மோகம் எத்தனை சீக்கிரம் முகம் திருப்பிக்கொள்ளும் என்பதற்கு அது சாட்சி. பிரவுனுக்கு மறுவாழ்வு வேறு திசையிலிருந்து வந்தது. 1970இல் வெளியான ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில் கிளைட் ஸ்டப்பிள்ஃபீல்டு தனியாக வாசிக்கும் சில நொடிகளை வெட்டியெடுத்து, எண்பதுகளின் ஹிப் ஹாப் இளைஞர்கள் எத்தனையோ பாடல்களைக் கட்டினார்கள். அவர் யாருக்காகவும் வேஷம் கட்டாத நாளில் செய்த வேலையைத்தான் அடுத்த தலைமுறை தேடி வந்தது.

அதே 1979இல், சென்னையில், மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதனும் இதே வாசலில் நின்றார். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்ததிலிருந்து தமிழ்நாடு இளையராஜாவைக் கேட்கத் தொடங்கியிருந்தது. விஸ்வநாதனுக்கு வயது ஐம்பது. அந்த நேரத்தில் இயக்குநர் கே.பாலசந்தர் ஓர் இசைக்குழுவின் கதையோடு வந்தார். அப்படி உருவான ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்தின் பாடல்களை இன்று கேட்டாலும் வியப்பாக இருக்கிறது. ‘எங்கேயும் எப்போதும்’ பாட்டில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் மேடையையே அதிரவைக்கிறார். அது சந்தேகமில்லாமல் டிஸ்கோ காலத்துத் துள்ளல். ‘சம்போ சிவ சம்போ’வை விஸ்வநாதனே பாடுகிறார், அந்தக் குரலில் வயதை மறைக்கும் முயற்சி துளியும் இல்லை. அதே படத்தில்தான் ‘பாரதி கண்ணம்மா’ இருக்கிறது. கண்ணதாசனின் வரிகளுக்கு அவர் வழக்கமாகத் தரும் குழைவு அதில் அப்படியே இருக்கிறது.

நானே முதல்வன் என்று விஸ்வநாதன் எங்கும் முழங்கவில்லை. புதிய தாளத்தை வாங்கினார், தன் மெட்டை அதன்மேல் உட்காரவைத்தார். 1986இல் ‘மெல்லத் திறந்தது கதவு’ படத்துக்கு இளையராஜாவோடு சேர்ந்தே இசையமைத்தார். தன் இடத்துக்கு வந்தவரோடு ஒரே பலகையில் அமர்வதற்கு நிறைந்த மனம் வேண்டும். 2007இல் ‘பொல்லாதவன்’ படத்தில் ‘எங்கேயும் எப்போதும்’ மறுபடி ஒலித்தபோது அதற்கு ஆடியவர்களில் பலர் 1979இல் பிறந்திருக்கவே மாட்டார்கள்.

இந்த மலையிலேயே இதற்கு ஓர் உவமை இருக்கிறது. காவலூர் வானாய்வகத்தில் ஒரு மீட்டர் தொலைநோக்கியை 1972இல் நிறுவினார்கள். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்தக் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயத்தைப் பதிவு செய்த இடங்களுள் காவலூரும் ஒன்று. பிறகு 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. சின்னது மூலையில் கிடக்கவில்லை. புகைப்படத் தகடு போய் சிசிடி என்ற மின்னணு உணரி வந்தது, கருவிகள் மாறின. ஒளியைத் திரட்டும் ஆடி அதேதான். வந்த ஒளியை எதில் பதிவது என்பதைக் காலம் தீர்மானிக்கலாம். ஒளியைத் திரட்டும் வேலையை ஆடிதான் செய்ய வேண்டும்.

ஆகவே, மாறுவதா வேண்டாமா என்ற கேள்வியே சரியில்லை என்று நினைக்கிறேன். நம்மிடம் ஆடி எது, தகடு எது என்று பிரித்தறிவதுதான் கேள்வி. என் வகுப்பில் திரை இருக்கட்டும், காணொளி ஓடட்டும். ஆனால் ஒரு பாட்டை வாய்விட்டுப் படித்து, சீர் பிரியும் இடத்தில் பிள்ளைகளின் காதைத் திறந்துவிடும் வேலையை நான் எந்தக் கருவிக்கும் விட்டுத்தர மாட்டேன். எங்கள் ஊர்த் திருவிழாக்களில் டிஜே பெட்டி வந்துவிட்டதே என்று மேளக்காரப் பெரியவர்கள் வருந்துகிறார்கள். அந்தப் பெட்டியோடு அவர்கள் மல்லுக்கு நிற்க வேண்டாம். தங்கள் அடியை இரண்டு பிள்ளைகளின் கையில் ஏற்றிவிட்டால் போதும். அந்தப் பிள்ளைகள் அதை எதில் வாசித்தால் என்ன?

உலகத்தோடு ஒட்டி நடக்கச் சொன்னார் வள்ளுவர். தன்னைத் தொலைத்துவிட்டு நடக்கச் சொல்லவில்லை. வயதானவர்களே, புதியதைக் கற்றுக்கொள்ளுங்கள், அதில் வெட்கமில்லை. ஆனால் அது என்னால்தான் பிறந்தது என்று உரிமைப் பத்திரம் எழுதாதீர்கள். இளைஞர்களே, உங்கள் பக்கத்திலிருக்கும் மூத்தவரிடம் அவர் நன்றாகச் செய்த ஒரு வேலையைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்கள் பாட்டுக்கு அதுவே தாளமாகலாம்.