மழை நீங்கலாக

ராஜமகால் மலையில் மிஷனெரி ஊழியம் செய்துவரும் என் பால்ய சிநேகிதனிடமிருந்து சென்ற மாதம் வந்த இன்லண்டு கடிதத்தில், சொல்ல வேண்டியவற்றையெல்லாம் சொல்லிக் கையொப்பமும் இட்ட பிறகு, பசை தடவி ஒட்டுகிற குறுகிய மடிப்பின் உட்புறத்திலே, "இனி ஊர் மழையைப் பற்றி மட்டும் எழுத வேண்டாம்" என்று பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தான். காரணம் சொல்லவில்லை. நான் முன்பு எழுதியிருந்த கல்யாணச் செய்திக்கு வாழ்த்தும், எங்கள் பள்ளி வாத்தியார் காலமானதற்குத் துக்கமும், வரப்புத் தகராறு ஒன்றுக்குப் புத்திமதியும் ஒழுங்காக எழுதியிருக்கிறான். மழைக்கு மட்டும் இந்தத் தடை.

அவன் போன இடம் கங்கை கிழக்கே ஓடி வந்து தெற்கே திரும்புகிற மூலையில் இருக்கிறது. பஹாடியா மக்கள் மலைச்சரிவைச் சுட்டுத் திருத்தி மக்காச்சோளமும் காராமணியும் விதைக்கிற சிற்றூர்கள்; அவர்கள் பேசும் மால்தோ நம் தமிழுக்குத் தூரத்து உறவான திராவிட மொழி. பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதும், காய்ச்சல் கண்டவர்களைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், ஞாயிறன்று ஜெபம் நடத்துவதும் அவன் காரியங்கள். நான் அவன் சமயத்தவன் அல்லன். என் கடிதங்கள் பிள்ளையார் சுழியோடுதான் தொடங்கும். இத்தனை காலத்தில் அந்தச் சுழியை அவன் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. கணபதியைப் பொறுத்துக்கொண்டவனுக்கு மழையைப் பொறுக்க முடியாமற் போனதன் காரணம் என்ன என்பதுதான் என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது.

நாங்கள் தேரிக்காட்டுப் பிள்ளைகள். செம்மணல் மேட்டின்மேல் ஐப்பசியில் விழும் முதல் மழை ஓடையாக ஓடுவதில்லை, தேங்குவதும் இல்லை. விழுந்த இடத்திலேயே மறைந்துபோய், மணலின் நிறம் மட்டும் ரத்தச் சிவப்பாகக் கறுத்துவிடும். அதைக் காண்பதற்காகவே பனங்கூட்டத்துக்குள் இருவரும் ஓடுவோம். இந்த ஞாபகந்தான் அவனை வருத்துகிறது, ஏக்கம் தாங்காமல் தடை விதித்தான் என்று முதலில் சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் ஏக்கத்துக்கு மழை ஒன்றுதானா இருக்கிறது? பதநீரைப் பற்றியும் எழுதினேனே, அதற்கு ஏன் தடை இல்லை? மேலும், அவன் இருக்குமிடத்தில் மழைக்குக் குறைவே கிடையாது. ஆனியில் பிடித்தால் புரட்டாசி வரையில் விடாத மழை. அந்த மழையோடு மலேரியாவும் வரும். எந்தக் குடிசையில் யார் நடுங்கிக்கொண்டு படுத்திருக்கிறார்களோ என்று அவன் அஞ்சியபடி வழுக்கும் பாதையில் ஏறி இறங்குகிற மாதங்கள் அவை. மழை கண்டு ஆனந்திக்கிற என் எழுத்து அங்கே என்ன சுருதியில் ஒலித்திருக்கும் என்று எண்ணும்போது, ஏக்கம் என்று நான் தீர்மானித்தது முற்றிலும் வேறு ஒன்றாக இருக்கலாம் என்று தோன்றுகிறது.

சிறுவயதில் நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் என் ஆச்சிக்காக எழுதியவை. கொழும்பில் கடை வைத்திருந்த சித்தப்பாவுக்கு ஆச்சி திண்ணையிலிருந்து சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். "இங்கு யாவரும் நலம், உன் நலத்திற்கு எழுதவும், நிற்க" என்பது வரையில் எனக்கே பாடம். அதற்குப் பிறகு ஆண்டு தவறாமல் ஆச்சி சொல்லும் வாக்கியம், இவ்வருஷம் நல்ல மழை, குளம் பெருகிவிட்டது என்பது. குளத்தின் நடுவே ஆடுகள் மேய்ந்த வருஷத்திலும் அதைத்தான் சொன்னாள். குளம் காய்ந்து கிடக்கிறதே என்று நான் பேனாவை நிறுத்தியபோது, "தூரதேசத்துல இருக்க பிள்ளைக்கு வறட்சியையால எழுதுவாக? மழைன்னே எழுதுல" என்று அதட்டினாள். ஊரைவிட்டுப் போனவனுக்கு எழுதும் மழை வானத்து மழை அன்று, அது அவனுக்குச் சொல்லும் ஆசீர்வாதம் என்ற அபிப்பிராயம் அன்றே என்னுள் வேரூன்றிவிட்டது போலும். சித்தப்பாவுக்கு அது நிஜ மழைதானா என்பது தெரிந்திருந்ததோ என்னவோ; அவர் ஒருபோதும் அதைப் பற்றிக் கேட்டு எழுதியதில்லை.

மதப் பணிக்காகப் போனவர்கள் கடிதங்களை என்ன செய்தார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, எப்போதோ வாசித்த ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் கடற்கரைக்கே 1542-இல் வந்து மணப்பாடு, தூத்துக்குடி என்று முத்துக்குளித்துறைப் பரதவரிடையே ஊழியம் செய்த பிரான்சிஸ் சேவியர், பின்னர் அம்போயினாத் தீவிலிருந்து 1546-இல் எழுதுகையில், ஐரோப்பாவிலுள்ள தோழர்கள் அனுப்பிய கடிதங்களிலிருந்து அவர்கள் கைப்பட எழுதிய பெயர்களை மட்டும் வெட்டியெடுத்து எப்போதும் தம்முடனே வைத்திருப்பதாகத் தெரிவித்திருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை லிஸ்பனிலிருந்து கோவாவுக்கு வரும் கப்பல்களை நம்பிக் கடிதப் போக்குவரத்து நடந்த காலம். அத்தனை காத்திருந்து கிடைத்த கடிதத்தில் அவர் மேனியோடு வைத்துக்கொண்டது கையெழுத்தை மாத்திரமே. என் நண்பனும் அப்படித்தான் எதையோ வெட்டி விலக்கி, எதையோ வைத்துக்கொள்ளப் பார்க்கிறானா?

அதைக் காட்டிலும் மனத்தைத் தைப்பது அவர் வரலாற்றின் கடைசிச் செய்தி. ரோமாபுரியிலிருந்து அவர் சபைத் தலைவர் இக்னேஷியஸ் அவரை ஐரோப்பாவுக்குத் திரும்பும்படி கடிதம் எழுதியது 1553 ஜூனில். சேவியரோ 1552 டிசம்பரிலேயே சீனக் கரையோரத் தீவொன்றில் உயிர் நீத்திருந்தார். இல்லாத மனிதருக்கு அன்பு மிகுதியால் எழுதப்பட்ட கடிதம் அது. என் நண்பன் நலமாகவே இருக்கிறான், கடவுள் அருள். ஆயினும், நான் கடிதம் எழுத உட்காரும்போது எதிரே தோன்றுகிறவன் பனங்கூட்டத்துக்குள் ஓடிய பையனேயன்றி, சுரம் கண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்குகிற நரைத்த மனிதன் அல்லன். போனவனுக்கு எழுதுகிறேனா, அங்கே இருப்பவனுக்கு எழுதுகிறேனா?

இந்தக் கேள்வியோடு இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார். திருச்செந்தூர்ப் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா, 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றக் காரணமாயிருந்தவர்களில் ஒருவர். பிறகு தாமே தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்கு ஊழியம் செய்யப் போனவர். 1910-இல் எடின்பரோ மகாநாட்டில் மேல்நாட்டு மிஷனெரிமாரை நோக்கி, உங்கள் தியாகத்தை நாங்கள் அறிவோம், எங்களுக்கு வேண்டியது உங்கள் சிநேகம் என்ற கருத்தை அவர் தயங்காமல் வற்புறுத்தினார். அந்த உபதேசத்தை என் நண்பன் சிரத்தையாக ஏற்றவன். தியாகம் செய்கிறவன் ஊரை நினைத்துக்கொண்டே இருக்கலாம். சிநேகம் செய்கிறவனுக்கு அந்த மலையின் மழைதான் சொந்த மழை ஆகவேண்டும் போலிருக்கிறது. அதனால்தான் மடிப்பின் உட்புறத்தில், கிழிக்கும்போது சற்றுக் கை தவறியிருந்தால் என் கண்ணிலேயே படாமற் போகக்கூடிய இடத்தில், அதை எழுதினானோ? நான் காணவேண்டும் என்று எழுதினானா, காணாமலும் போகட்டும் என்று எழுதினானா?

இதற்கிடையில் ஐப்பசி பிறந்து மழையும் தொடங்கிவிட்டது. அவன் தாயார் நேற்று வீட்டுக்கு வந்தார். கண் மங்கிவிட்டதால் மகனுக்கு எழுத வேண்டியதை என்னிடந்தான் சொல்லுவார். திண்ணையில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டு, "நம்ம கெணத்துல மூணு ஒற தண்ணி ஏறிட்டுன்னு ஒரு வரி எழுதிப் போடுய்யா, பிள்ளைக்கு மனசு குளுந்துபோவும்" என்றார். எழுதினால் அவன் விருப்பத்தை மீறுகிறேன். எழுதாமல் எழுதியதாக அந்த அம்மாளிடம் சொல்ல எனக்கு நாக்கு வராது. மடிப்பில் அவன் எழுதியதைப் படித்துக் காட்டிவிடலாம் என்றால், மகன் ஊரை வேண்டாம் என்கிறான் என்று கலங்குவாரா, ஊர் அவனை இன்னும் விடவில்லை என்று மகிழ்வாரா என்பது தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கடிதத்தைக் கேட்க வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். அதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம் என்றே இதை எழுதத் தொடங்கினேன், இதுவரை வரவில்லை.