தூண்டிலும் வாய்மையும்

தூண்டில் மீன்பிடிப்பில் நாட்டங்கொண்ட கோவைவாசி ஒருவர் அயல்நாட்டிலிருந்து தூண்டிற்கோலையும் நரம்பு சுற்றும் உருளையையும் தருவிக்கும்போது, 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் அவரிடம் முதலில் கேட்பது பணமன்று, வாக்குமூலமே. பொருள் இன்னது, விலை இவ்வளவு, பிறந்த தேசம் இது என்று நுழைவுப் பட்டியலில் தாமே எழுதித்தருவதோடு, 2011 முதல் தீர்வையைக் கணக்கிடும் பொறுப்பையும் இறக்குமதியாளரே ஏற்கவேண்டியிருக்கிறது. கோலும் முள்ளும் சுங்கப் பட்டியலின் 95-ஆம் அத்தியாயத்தில் விளையாட்டுச் சாமான்களோடு நிற்க, பின்னிய வலையோ 56-ஆம் அத்தியாயத்தில் கயிற்றோடு சேர்ந்துவிடுகிறது. (மீனுக்கு இந்தப் பேதம் தெரியாது, விஜயமங்கலத்தில் கொல்லாமை போற்றும் சமணர்க்குக் கோயில் கண்ட கொங்கு நாட்டில், கொல்லும் கருவியைத் தருவிக்கலாமா என்ற கேள்விக்குப் பட்டியலில் இடமுமில்லை.)

விலையைச் சற்றே குறைத்தெழுதினால் எந்த ஜீவனுக்குத் தீங்கு என்று வினவுவோர் உண்டு. தீமையிலாத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் வகுத்த இலக்கணத்தையும் அவர்கள் துணைக்கழைப்பர். ஆனால் சுங்கப்பொருளை வேந்தனின் பொருள்களுள் ஒன்றாக எண்ணியவரும் அதே வள்ளுவரே. சோழ மன்னன் முதற் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்து அதனாலேயே பெயர் பெற்றான். வரியைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் அரசனுக்குண்டு, பொய்யைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் எவ்வரசனுக்கும் இல்லை என்றே நான் கருதுகிறேன். விதித்த தீர்வை மிகையெனத் தோன்றினால், உத்தரவு கைக்குக் கிடைத்த 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யச் சுங்கச் சட்டமே வழிவிட்டிருக்கிறது.