ஆசிரியனின் மறைவும் எழுத்தின் பொறுப்பும்

ஒரு படைப்பின் பொருளை நிர்ணயிக்கும் உரிமை யாருக்குரியது என்பது இலக்கியத் திறனாய்வின் பழைய வினாக்களுள் ஒன்றாகும். இதற்குப் பிரெஞ்சுத் திறனாய்வாளர் றோலண்ட் பார்த் (1915–1980) அளித்த விடை பலரை அதிர்ச்சிக்குள்ளாக்கியது. 1967இல் ஆங்கிலத்திலும் 1968இல் பிரெஞ்சிலும் வெளிவந்த 'ஆசிரியனின் மரணம்' என்னும் கட்டுரையில், பல்சாக்கின் 'சராசீன்' கதையிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து, அதிற் பேசுபவர் யார் என வினவுகிறார். கதைமாந்தனா, பல்சாக் என்னும் தனிமனிதனா, அக்காலப் பொதுக் கருத்தா? அறுதியிட்டுக் கூறவியலாது என்பதே அவர் முடிபு. பனுவல், பண்பாட்டின் எண்ணற்ற மூலங்களினின்றும் பெற்ற இழைகளால் நெய்யப்பட்டது. அவ்விழைகள் ஒன்றுகூடும் இடம் ஆசிரியனல்லன், வாசகனே. 1970இல் வெளிவந்த 'எஸ்/இசெட்' நூலில் அதே கதையை 561 கூறுகளாகப் பகுத்து இவ்வாசிப்பை அவர் செய்து காட்டினார்.

இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. படைப்பை விட்டுப் படைப்பாளியின் வாழ்க்கையைத் துருவும் திறனாய்வு முறை வன்மையாகக் கேள்விக்குள்ளாயிற்று. வாசகன், ஏற்போன் என்னும் நிலையினின்று ஆக்குவோன் என்னும் நிலைக்கு உயர்ந்தான். எனினும் ஒழுக்கவியல் நோக்கில் ஓர் ஐயம் எழுகிறது. ஆசிரியன் இறந்துவிட்டானெனின், எழுத்தின் விளைவுகளுக்குப் பொறுப்பாளி யார்?

பார்த்தின் நாட்டில் இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடவில்லை. நாசி ஆக்கிரமிப்புக் காலத்தில் யூத எதிர்ப்புப் பத்திரிகையொன்றின் ஆசிரியராக விளங்கிய றொபேர் பிறசியாக், பகைநாட்டுக்குத் துணைபோன குற்றத்திற்காக 1945 பெப்ரவரி 6இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கெதிரான சான்றுகள் பெரும்பாலும் அவருடைய எழுத்துக்களே. மரண தண்டனையை வெறுத்த அல்பேர் கமு கருணை மனுவில் ஒப்பமிட்டார். சிமோன் த போவ்வார் மறுத்தார். ஆயினும், அவ்வெழுத்துக்குப் பிறசியாக் பொறுப்பாளியல்லர் என இருவருள் எவரும் கூறினாரல்லர்.

அப்பொறுப்பை வாசகனிடம் ஒப்படைக்கவும் இயலாது. பார்த் கூறும் வாசகன் வரலாறும் வாழ்க்கையும் அற்றவன். இழைகள் சேரும் ஓர் இடம் மாத்திரமே. இடமொன்று குற்றவாளிக் கூண்டில் ஏறமாட்டாது. 1969இல் மிசேல் பூக்கோ ஆற்றிய உரை ஈண்டுத் துணைபுரிகின்றது. எழுதியவன் தண்டனைக்கு உள்ளாகும் நிலை தோன்றியபோதே நூல்களுக்கு ஆசிரியர் உளராயினர் என்பது அவர் கருத்து.

ஆகவே, ஆசிரியன் என்னுஞ் சொல்லில் இருவர் கலந்துள்ளனர். ஒருவன் பொருளின் உடைமையாளன். மற்றவன் வெளியிடுதல் என்னும் செயலின் கர்த்தா. பார்த் வீழ்த்தியது முன்னவனையே. தன் எழுத்து எவ்வாறெல்லாம் பொருள்படும் என வரையறுக்கும் அதிகாரம் எழுதியவனுக்கில்லை. ஆயின், ஒரு மனிதனைப் பகைவனுக்குக் காட்டிக்கொடுக்கும் வரியை அச்சேற்றியவன், பேசியது மொழியே, தானல்லன் எனக் கூறித் தப்பவியலாது. பொருளின்மீதுள்ள உரிமையை இழந்தமையால், செயலுக்கு விடைகூறும் கடமை அவனைவிட்டு நீங்குவதில்லை.