மாரீசனின் கடைசிக் குரல்

மாரீசன் என்றதும் பொன்மான்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அந்த மானுக்கு முந்தைய மாரீசனைக் கொஞ்சம் பாருங்கள். விசுவாமித்திரரின் யாகத்தைக் கெடுக்கப் போனவனை ராமனுடைய அம்பு கடலில் கொண்டுபோய்த் தள்ளியது. அதன்பின் ஜடாமுடி, மரவுரி, அளவான ஆகாரம் என்று ஓர் ஆசிரமத்தில் ஒடுங்கிவிட்டான். ரத்தினம், ரதம் என்று 'ர'வில் தொடங்கும் சொல்லைக் கேட்டாலே நடுங்குகிறேன் என்று அவனே சொல்கிறான்.

சீதையைக் கவர உதவி கேட்டு அவனிடம்தான் ராவணன் வருகிறான். வேண்டாம், குலத்தோடு அழிந்துபோவாய் என்று மாரீசன் மன்றாடுகிறான். ராவணன் கேட்கவில்லை. மானாகப் போ, மறுத்தால் இங்கேயே கொன்றுவிடுவேன் என்கிறான். போனால் ராமன் கையில் சாவு, போகாவிட்டால் இவன் கையில் சாவு. ராமன் கையால் சாவதே மேல் என்று கிளம்புகிறான் மாரீசன்.

இரண்டு வழி இருந்ததே, ஒன்றை அவன்தானே தேர்ந்தெடுத்தான் என்று சிலர் வாதிடுவார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. இரண்டு பக்கமும் சாவை நிறுத்திவிட்டு, எது வேண்டும் என்று கேட்பது கேள்வியே இல்லை. அவன் கிளம்பிய பாவத்தில் பெரும்பங்கு ராவணனுடையது.

ஆனால் வால்மீகி அதோடு விடவில்லை. அம்பு தைத்து, மாய உடம்பு கழன்று விழுகிறது. இனி ராவணன் அவனை என்ன செய்துவிட முடியும்? பேசாமல் உயிரை விட்டிருக்கலாம். அப்போதுதான் மாரீசன் யோசிக்கிறான்: லட்சுமணனை சீதை எப்படி இங்கே அனுப்புவாள்? யோசித்து, ராமனுடைய குரலிலேயே சீதையையும் லட்சுமணனையும் கூப்பிட்டு அலறுகிறான். பிராட்டியைத் தனிமையாக்கியது மான் வேஷத்தைவிட அந்தக் குரல்தான். அது மாரீசனுடைய சொந்தச் செயல். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. தப்பிக்க ஒரு நொடி கிடைத்தும் அதை விட்டுவிட்டானே!

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் அர்ஜுனன் இதைத்தான் கேட்கிறான்: விருப்பமில்லாமலே, யாரோ பிடித்துத் தள்ளுவதுபோல் மனிதன் பாவம் செய்கிறானே, தள்ளுவது யார்? காமமும் குரோதமும் என்கிறார் பகவான். அப்படிச் சொன்னவர் விசுவரூபமே காட்டியவர். ஒரு வார்த்தை அதட்டியிருந்தால் அர்ஜுனன் வில்லை எடுத்திருப்பான். பதினெட்டாம் அத்தியாயத்தில், சொன்னதையெல்லாம் நன்றாக யோசித்துப் பார், பிறகு உன் இஷ்டப்படி செய் என்று விட்டுவிடுகிறார். எல்லாம் வல்லவனே மிரட்டவில்லை.

நாம் மிரட்டுகிறோம். "இந்த மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லலேன்னா அப்பாவை உயிரோட பார்க்க மாட்டே." பெண் தலையை ஆட்டுகிறாள். மறுநாளே, பெண் சம்மதித்துவிட்டாள் என்று பத்திரிகை அடிக்கக் கொடுக்கிறோம். தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டி மனைவியிடமும் மகனிடமும் ஒருவர் சொத்துக்கு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிய வழக்கில், அது வற்புறுத்தல்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் நூறாண்டுக்கு முன்பே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சொத்துக்கே அப்படியென்றால் ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு?

பெற்றவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "வேண்டாம்னு சொன்னாலும் நீ என் பொண்ணுதாம்மா, அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு மறுபடி கேளுங்கள். மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் போனால் போகட்டும்.